வாளி குளிக்குமா?

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இந்த வாளியைப் பார்த்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக விடுதியில், பட்டம் வாங்கிய பெண்கள் அத்தனை பேரும் கூடி, ஒரு கேள்வி கேட்ட குற்றத்துக்காக என்னை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். என்ன கேள்வி என்கிறீர்கள்? "ஏன்?" அவ்வளவுதான்.

நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அந்த ஓரம் உங்களுக்கு, இந்த ஜன்னல் எனக்கு, நடுவில் வாளி. அதை மட்டும் நகர்த்த முடியாது. கீழே வைத்தால் பஸ் வளையும்போது சாயும். உள்ளே புத்தகம், துணி, தேங்காயெண்ணெய் பாட்டில் எல்லாம் இருக்கிறது. இந்த இடத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திருச்சியில் பஸ் வந்து நிற்பதற்குள் படியில் தொற்றி ஏறி, வாளியைச் சீட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினேன். திரும்பி வந்தால் ஒரு மீசைக்காரர் ஜன்னலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார். "சார், வாளி இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? வாளி இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். சில பேருக்கு ஒரு சாதாரண ஒழுங்குகூடத் தெரிவதில்லை.

இருங்கள், போனில் மெசேஜ், விடுதியிலிருந்து. பொற்கொடி அக்கா. "தனம் எங்கே?" காலையிலிருந்து இதே கேள்விதான். பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். கேள்வியே தப்பு. தனம் என்று ஒருவர் இல்லை.

என் பெயர் அருள்விழி. எம்.ஏ. தத்துவம். ஆமாம், அப்படி ஒரு படிப்பு இருக்கிறது. என்ன வேலை கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், அதை என் அப்பா கேட்டுக்கொள்வார். எங்கள் படிப்பின் சாரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக எதையும் ஒத்துக்கொள்ளாதே. பொருளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரி. சந்தேகமே இல்லாத ஓர் உண்மை கையில் கிடைக்கும். அதில் காலை ஊன்றி, ஒவ்வொரு படியாக மேலே ஏறி வா. இதைப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போடுகிறார்கள். விடுதியில் செய்தால் வெளியே அனுப்புகிறார்கள்.

எங்கள் தளத்தில் தண்ணீர் காலையில்தான் வரும், அதுவும் கொஞ்ச நேரம். குளியலறைகள் குறைவு, பெண்கள் அதிகம். அதனால் ஒரு வழக்கம். சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் வாளியைக் குளியலறைக்கு முன்னால் வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். விடிந்ததும் வாளி இருக்கிற வரிசைப்படிதான் குளியல். வாளிகள் சுவரோரமாகச் சாமி ஊர்வலம் மாதிரி நிற்கும், சொந்தக்காரிகள் குறட்டை விடுவார்கள். நான் நூலகம் மூடும்வரை உட்கார்ந்து படிக்கிறவள். திரும்பி வரும்போது என் வாளிக்குக் கடைசி இடம்தான் மிச்சம். தினமும் கடைசி. தினமும் முதல் வகுப்புக்குத் தாமதம்.

முதல் வாளி எப்போதும் பொற்கொடி அக்காவுடையது. அவர் ஆய்வு மாணவி. ஆய்வு எப்போது முடியும் என்று அவரிடம் கேட்பது எங்கள் தளத்தில் மரியாதையில்லை. இரண்டாவது வாளி இதோ, இதுதான். சிவப்பு. கைப்பிடி உடைந்து, புடவைக் கிழிசலை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். பக்கத்தில் நகப்பூச்சால் "தனம்" என்று எழுதியிருக்கிறது, பாதி உதிர்ந்துவிட்டது.

யார் தனம் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன்! ஒருத்தி கணிதம் படித்தவர் என்றாள். இன்னொருத்தி விலங்கியல் என்றாள். எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டாராம். தளத்தில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் யாராவது ஒருத்தி இந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டாம் இடத்தில் வைப்பாள். காலையில் பொற்கொடி அக்கா குளித்துவிட்டு, தலையில் துண்டோடு வந்து நின்று, "தனம் வந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். எல்லாரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். பிறகு அடுத்தவள் போவாள்.

இதுவாவது பைத்தியக்காரத்தனம் என்று விட்டுவிடலாம். சில நாள் என்ன நடக்கும் தெரியுமா? வரிசையின் கோடியிலிருந்து யாராவது ஒருத்தி மெல்லிய குரலில் "வந்தாச்சு" என்பாள். எல்லாரையும் தாண்டிக்கொண்டு, இந்த வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பட்டப்பகல் ஆள்மாறாட்டம்! ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் என் அறைத்தோழி இன்பக்கனியே அப்படிப் போனாள். திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உன் பேரு தனமா?"

"இல்ல."

"உன் வாளி என்ன நிறம்?"

"நீலம். தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி கேக்கற?"

"அப்ப ஏன் 'வந்தாச்சு'ன்னு சொன்ன?"

"ஆத்தா, பேசாம இரு. எனக்குப் படுக்கணும்" என்று போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் எல்லாரும் கடைசியில் போர்வைக்குள்தான் போகிறார்கள்.

அப்போதுதான் முடிவு பண்ணினேன். இதை அடியிலிருந்து யோசிக்காமல் விடக்கூடாது. ஒரு விடுமுறை நாள் பார்த்து தாழ்வாரத்தில் எல்லாரையும் கூட்டினேன். வார்டன் ரெஜினா மேடமும் வந்து ஓரமாக நின்றார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டேன்.

"வாளி குளிக்குமா?" என்று கேட்டேன்.

"குளிக்காது" என்றாள் இன்பா, தலை சீவிக்கொண்டே.

"அப்ப வாளிக்கு எதுக்கு வரிசையில எடம்?"

"வாளி இல்லாம நீ எப்படிடி குளிப்ப?"

"பேச்ச மாத்தாத. குளிக்கிறது உடம்பு. வரிசைங்கறது காத்திருக்கறதுக்குக் கெடைக்கற பலன். இங்க காத்திருக்கறது யாரு? வாளி. பலன் யாருக்கு? தூங்கினவளுக்கு. வாளி காத்திருந்தா வாளிதான் குளிக்கணும்!"

நல்லா இருக்கிறது இல்லையா அக்கா? எனக்கே புல்லரித்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருத்தி கொசு அடித்ததாகப் பிறகு சொன்னாள்.

பொற்கொடி அக்கா சாந்தமாகத்தான் பேசினார். "அருளு, இது ரொம்ப நாளா இருக்கற வழக்கம்மா. சண்டை இல்லாம போகுதில்ல?"

"வழக்கம்ங்கறது காரணம் இல்லக்கா. காரணம் இல்லாததுக்கு நாம வெச்சிருக்கற பேரு. சரி, மத்த வாளி எல்லாம் இருக்கட்டும். இந்தத் தனம் வாளிக்கு மட்டும் ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் எறங்கிடறேன்."

ஒருத்தி நகத்தைப் பார்த்தாள். ஒருத்தி துப்பட்டா நுனியைத் திருகினாள். வார்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடிப்படியில் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இத்தனை படித்தவர்களில் ஒருவரால்கூட ஒரு காரணம் சொல்ல முடியவில்லை. அப்புறம் என்ன? கேள்வி ஜெயித்தது.

"சரி, செஞ்சு பாரு" என்றார் பொற்கொடி அக்கா.

செய்தேன். வாளி வரிசை ஒழிந்தது. குளிக்க வேண்டியவள் நேரில் வந்து நிற்க வேண்டும். தனத்தின் வாளியை என்ன செய்வது? பயனில்லாத பொருளுக்கு ஒரு பயன் கொடுப்பதுதான் நியாயம். தாழ்வாரக் கோடியில் குப்பைக்கூடையாக வைத்தேன்.

என்ன கண்டக்டர் அண்ணா? எனக்கு ஒரு ஒரத்தநாடு. வாளிக்கா? வாளிக்கு எதற்கு டிக்கெட்? சீட்டு என்பது என்ன அண்ணா, உட்காருவதற்கு. வாளி உட்காருகிறதா? இல்லை, வைக்கப்பட்டிருக்கிறது. உட்காராத ஒன்றுக்கு... என்ன? "தஞ்சாவூர்ல கூட்டம் ஏறும், அப்ப மடியில வெச்சுக்கணும்"ஆ? அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

பார்த்தீர்களா அக்கா, அவரிடமும் பதில் இல்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எதில் விட்டேன்? ஆங், புதிய முறை. முதல் நாள் அருமையாக இருந்தது. மறுநாள் முந்திக்கொள்ள வேண்டும் என்று சிலர் விடிவதற்கு முன்பே வந்து நின்றார்கள். அவர்களை முந்த வேறு சிலர் அதற்கும் முன்பே வந்தார்கள். பிறகு ஒருத்தி பாயைக் கொண்டுவந்து குளியலறை வாசலிலேயே படுத்தாள். அதைப் பார்த்து எல்லாரும் பாயும் தலையணையுமாக வந்துவிட்டார்கள். ரயில் வராத பிளாட்பாரம் மாதிரி ஆகிவிட்டது தாழ்வாரம். யார் காலை யார் மிதித்தது என்று தினமும் பஞ்சாயத்து. இதெல்லாம் என் முறையின் குற்றமா? ஒரு கருத்தைப் புரிந்துகொள்ளாமல் பின்பற்றுகிறவர்களின் குற்றம். நானா? நான் நின்றேன், ஏன் நிற்காமல்? கடைசியில் நின்றேன். நூலகத்திலிருந்து வருவதற்குள் பாய் போட இடமிருக்காது. ஆனால் இந்தத் தடவை கொள்கைப்படி கடைசியில் நின்றேன். இரண்டும் ஒன்றில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை இன்பா வரிசையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே முகம் வெளுத்துத்தான் இருந்தாள். "என்னடி" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? இரும்புச்சத்து குறைவாக இருந்திருக்கும். வார்டன் ஓடிவந்தார். பாய்களைத் தாண்டித் தாண்டி வருவதற்குள் அவருக்கே மூச்சு வாங்கிவிட்டது. இன்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "தனம் எங்க?"

வார்டனுக்கும் தெரியும் அக்கா! வார்டனுக்கும் தனம் தெரியும்! அதிகாரமும் மூடநம்பிக்கையும் எப்படிக் கைகோத்துக்கொண்டு நிற்கிறது பாருங்கள்.

யாரோ கோடியைக் காட்டினார்கள். வாளியில் வாழைப்பழத் தோலும் சீப்பில் உதிர்ந்த முடியும் கிடந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"அதக் கழுவித் தொடச்சு, இருந்த எடத்துல வை. எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த மன்னிப்புக் கேளு. இல்லன்னா திங்கக்கிழம உங்க அப்பாவக் கூட்டிட்டு வந்து ரூமக் காலி பண்ணு."

"காரணத்த ஒருத்தர் சொல்லட்டும் மேடம், இப்பவே வெக்கறேன்."

"எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேட்டுட்டே இருக்காத. இனிமே இந்தத் தளத்துல அந்த வார்த்தையே எனக்குக் காதுல விழக்கூடாது."

அறைக்கு வந்து இன்பாவைக் கேட்டேன், நீயாவது சொல் என்று. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்பாகூடச் சொல்லவில்லை அக்கா. ஒரே சோப்பு, ஒரே ஊறுகாய் பாட்டில், அப்படி இருந்தவர்கள் நாங்கள். அந்த ஒன்றுதான் கொஞ்சம்... சரி, விடுங்கள்.

மன்னிப்பா? நானா? இன்று காலை வாளியைக் கழுவினேன். பழத்தோலில் என் புத்தகத்தை வைக்க முடியாதே, அதற்காகக் கழுவினேன். எல்லாவற்றையும் இதற்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இது திருட்டில்லை. இல்லாத ஆளின் பொருளை எப்படித் திருட முடியும்?

அப்பாவுக்கு ஒரத்தநாட்டில் உரக்கடை. என்னைப் படிக்க அனுப்பும்போதே சொன்னார்: "ஒரு புகார், ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னா அன்னைக்கே பெட்டியக் கட்டு. படிச்ச வரைக்கும் போதும்." அத்தை மகன் வேறு காத்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் வாழ்க்கையில் ஒருநாளும் "ஏன்" என்று கேட்டதில்லை. "எப்போ" என்று மட்டும்தான் கேட்பார். திங்கட்கிழமை அப்பா விடுதிக்கு வந்தார் என்றால் என் படிப்பு அதோடு முடிந்தது. அதனால் அவரிடம் எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருகிறேன். உங்களிடம் சொன்னது ஒத்திகை மாதிரி. எப்படி இருக்கிறது? வாதத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா?

என்ன கேட்டீர்கள்? அந்த வாளியை நான் எடுத்ததே இல்லையா என்றா?

இல்லை. அதாவது, ஒரே ஒரு தடவை. அதுவும் அவர்கள் செய்த தவறு. நான் விடுதியில் சேர்ந்த புதிது. அன்று துறையில் என் முதல் கருத்தரங்கக் கட்டுரை. அன்று பார்த்து விடியற்காலையிலேயே எனக்கு... அது வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாதா. வயிறு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வரிசைக் கோடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் துப்பட்டாவைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு நின்றேன். யாரிடம் போய்ச் சொல்வது? பொற்கொடி அக்கா துண்டோடு வெளியே வந்தவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "தனம், நீ போ" என்றார்.

"நான் தனம் இல்லக்கா, அருள்விழி" என்று திருத்தினேன். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெயர் மறந்திருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். "சரி தாயி, நீ அருள்விழிதான். போ, போய்க் குளி" என்று இந்தச் சிவப்பு வாளியை என் கையில் திணித்தார். உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தால் வெந்நீர். யாரோ யாருக்கோ காய்ச்சி வைத்ததை மாற்றி எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு நிர்வாகக் கோளாறு.

ஏன் அக்கா, கடலை உரிப்பதை நிறுத்திவிட்டீர்கள்?

சிரிக்காதீர்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள்?

இருங்கள். ஒரு நிமிஷம். பெயர் மறந்துதான் தனம் என்று கூப்பிட்டார் என்றால், திருத்திய பிறகும் வாளியை ஏன் கொடுத்தார்? யாருக்கோ காய்ச்சிய வெந்நீர் என்றால், அந்த யாரோ ஏன் வந்து கேட்கவில்லை? பேசாதீர்கள் அக்கா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே அடியிலிருந்து வருகிறேன். சந்தேகமில்லாத உண்மை எது? உடம்பு முடியாதவளால் வரிசையில் நிற்க முடியாது. சரி. முடியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் வராது. எனக்கே வரவில்லை, நான் வாயாடி. அதுவும் சரி. அப்படியானால் சொல்லாமலே முன்னால் போக ஒரு வழி வேண்டும். காரணம் கேட்காத ஒரு வழி. காரணத்தை யாராவது ஒருத்தி உரக்கச் சொல்லிவிட்டால், மறுநாள் "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க எவளுக்கு வாய் வரும்? அன்று தாழ்வாரத்தில் நான் வாளி மேல் ஏறி நின்று கேட்டபோது எல்லாரும் ஏன்...

தஞ்சாவூர் வந்துவிட்டது போல. அப்பா, எவ்வளவு கூட்டம். சார், பையை என் தலையில் வைக்காதீர்கள்.

பாருங்கள் அக்கா, கண்டக்டர் அங்கிருந்தே வாளியைக் காட்டுகிறார். நான் எடுத்துவிடுவேன், அவர் சொன்னதற்காக எடுக்கக் கூடாது, அதுதான். இடம் கேட்கிற இவருக்கா? இவருக்கெல்லாம் கிடையாது, நன்றாகத்தானே நிற்கிறார். இல்லை சார், ஆள் வருது.

அக்கா, அதோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே ஒரு பெண். துணிக்கடைச் சீருடைப் புடவை, தோளில் பெயர் அட்டை. என் வயதுதான் இருக்கும். மேலுதட்டில் எப்படி வேர்த்திருக்கிறது பாருங்கள். ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

என்னங்க? என்னிடமா? "இங்க யாராச்சும் வர்றாங்களா"வா?

ஏ...

ஒன்றுமில்லை. என்னவோ கேட்க வந்தேன், வேண்டாம். வருவதாக இருந்தது. வந்தாச்சு. உட்காருங்க. அக்கா, கொஞ்சம் வழி விடுங்கள் அவளுக்கு. வாளி என் மடியில் இருக்கட்டும், எண்ணெய் கொட்டினால் கொட்டட்டும். இந்தாங்க, தண்ணீர் குடிங்க. எந்த ஊர் என்றுகூட நான் கேட்கமாட்டேன், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இது மன்னிப்பு இல்லை அக்கா, அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, நானாகத்தான் படிப்படியாக ஏறி வந்தேன். அந்த மன்னிப்பு ஒரு வார்த்தைதான், அதை இன்பாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்த வாரம் அப்பாவிடம் பேச ஒன்றுமே இல்லை. லீவுக்கு வந்தேன் என்று சொன்னால் முடிந்தது.

மறுபடியும் போன். அவர்தான். "தனம் எங்கேடி?" இதற்கு மேலும் பதில் போடாமல் இருப்பது நாகரிகமில்லை. எழுதிவிட்டேன், படிக்கிறேன் கேளுங்கள்:

"எங்கூடத்தான் இருக்கா அக்கா. பஸ்ல இப்பதான் உக்கார எடம் கெடச்சு கண்ண மூடியிருக்கா, எழுப்ப முடியாது. திங்கக்கிழம காலைல ரெண்டாவது எடத்துல இருப்பா."